கூடுதலாக வந்த பள்ளி நிதியை வசதியில்லாத பிள்ளைகளுக்கு எப்படிச் செலவிடுவது?

கேள்வி: முக்கூடல் பக்கத்துக்காரர்

அனைவருக்கும் வணக்கம். முக்கூடலுக்கும் பாப்பாக்குடிக்கும் அருகிலுள்ள ஒரு சிற்றூரின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் படித்தவன் நான். முன்னாள் மாணவன் என்ற முறையில் இப்போது அதே பள்ளியின் மேலாண்மைக் குழுவில் உறுப்பினராக இருக்கிறேன். பள்ளியில் 58 பிள்ளைகள் படிக்கிறார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்தான் என்பதால், தலைமையாசிரியையும் ஓர் ஆசிரியரும் ஐந்து வகுப்புகளையும் பங்கிட்டு நடத்துகிறார்கள். எங்கள் அளவுள்ள பள்ளிக்கு ஆண்டு மானியம் 25,000 ரூபாய். அதில் பத்தில் ஒரு பங்கையாவது தூய்மைப் பணிக்கு ஒதுக்க வேண்டும். மீதி குழாய்ப் பழுது, மின்விசிறி, பதிவேடு என்று கரைந்துவிடுகிறது.

இந்த ஆண்டு, ஊரைவிட்டுப் போய் வேலை பார்க்கும் எங்கள் ஊர்க்காரர்கள் சிலர் ஒன்றுசேர்ந்து, ஆண்டுக்கு 1,80,000 ரூபாய் வீதம் மூன்று ஆண்டுகளுக்குத் தர முன்வந்திருக்கிறார்கள். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளின் படிப்புக்கே அது செலவாக வேண்டும் என்பது மட்டுமே அவர்கள் விதித்த நிபந்தனை. ஆனால் குழுக் கூட்டத்தில் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. ஒருவர் பெரிய ஸ்மார்ட் டிவி வாங்கலாம் என்கிறார். இன்னொருவர் கொடுத்தவர்களின் பெயர் பொறித்து நுழைவாயில் வளைவு கட்டலாம் என்கிறார். ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுக்க ஓர் ஆசிரியரை அமர்த்த வேண்டும் என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். தாய்மார்களின் ஆசையை நான் குறைத்துச் சொல்லவில்லை. பக்கத்து ஊர்த் தனியார் பள்ளி வேன் தெருமுனையில் வந்து நிற்பதைத் தினமும் பார்ப்பவர்கள் அவர்கள்.

என் கவலை வேறு. எங்கள் ஊரில் பாதி வீடுகளுக்கு மேல் பீடி சுற்றிப் பிழைக்கும் வீடுகள். பிள்ளைகள் பள்ளிவிட்டு வந்ததும் இலை வெட்டிக் கொடுப்பதும், சுற்றிய பீடிகளைக் கட்டாகக் கட்டுவதும் இன்னும் அறவே நின்றபாடில்லை. நான்காம் வகுப்பில் ஒரு சிறுமியின் நோட்டைப் பார்த்தேன். கரும்பலகையில் எழுதியிருந்த பாடம் முழுவதையும், ஒரு சுழி பிசகாமல், முத்து முத்தாக எழுதியிருந்தாள். எழுதியதை வாசிக்கச் சொன்னபோது முதல் வரியிலேயே நின்றுவிட்டாள். 'ப', 'ட' தெரிகிறது. 'படகு' என்று சேர்த்துச் சொல்ல வரவில்லை. இப்படி இன்னும் சிலர் இருக்கிறார்கள்.

நான் கேட்க விரும்புவது இதுதான். ஏறக்குறைய எல்லாருமே ஏழைகளாக இருக்கும் பள்ளியில் யாரை முதலில் கவனிப்பது? பிள்ளைகளுக்குத் தலைகுனிவு நேராமல் அவர்களை எப்படிப் பிரித்தெடுப்பது? இந்தப் பணத்தில் முதல் ஆண்டு எதைச் செய்தால் அந்தச் சிறுமி ஐந்தாம் வகுப்பை முடிக்கும்போது தானாக ஒரு பக்கத்தை வாசிப்பாள்?

மறுமொழி 1: அம்பை, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை

தம்பி, உங்கள் கடைசிக் கேள்வியைத்தான் குழுக் கூட்டத்தின் முதல் பொருளாக வைக்க வேண்டும். எதை வாங்குவது என்று தொடங்கினால் டிவியில்தான் போய் முடியும்.

பணத்தைத் தொடுவதற்கு முன், தலைமையாசிரியையின் ஒப்புதலோடு, இரண்டாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே பக்கத்தில் உட்காரவைத்து வாசிக்கச் சொல்லுங்கள். எழுத்து தெரிகிறதா, சொல் வருகிறதா, ஒரு சிறு பத்தியை வாசித்துப் பொருள் சொல்ல முடிகிறதா, கடன் வாங்கிக் கழிக்கத் தெரிகிறதா என்று பார்த்தால் போதும். 2022-இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்றாகப் பிரிப்பதால் ஆசிரியர்களிடம் ஏற்கெனவே ஒரு கணக்கு இருக்கும். அதை மதித்துப் பெற்றுக்கொள்ளுங்கள். ஆனாலும் ஒருமுறை காதால் கேட்டுவிடுங்கள். பார்த்து எழுதுவதில் தேர்ந்த பிள்ளை பல சோதனைகளில் தப்பிவிடும், உங்கள் சிறுமியைப் போல.

அடுத்து வருகைப் பதிவேட்டைப் பாருங்கள். எத்தனை நாள் வரவில்லை என்பதைவிட எந்த நாளில் வரவில்லை என்பது அதிகம் சொல்லும். நான் வேலை பார்த்த பீடி ஊரில், வாரக் கணக்கு முடிக்கும் நாளுக்கு முந்தைய நாள்தான் பெண்பிள்ளைகள் மிகுதியாக வரமாட்டார்கள். எண்ணிக்கை குறைந்தால் கூலி குறையும் என்பதால் வீட்டில் கூட ஒரு கை வேண்டியிருந்தது. தாய்மாரைத் திட்டி இதை மாற்ற முடியாது. அந்த நாளில் எதை நடத்தினால் பிள்ளை தானாக வரும் என்று யோசித்து, கதை வாசிப்பையும் விளையாட்டையும் அந்த நாளுக்கு மாற்றினோம். வருகை முழுதாகச் சரியாகவில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியும்படி கூடியது.

யாரைக் கவனிப்பது என்று கேட்டீர்கள். சாதிச் சான்றிதழையோ வருமானச் சான்றிதழையோ வைத்துப் பிரிக்காதீர்கள். உங்கள் ஊரில் அது யாரையும் பிரித்துக் காட்டாது. வாசிப்பில் பின்தங்கியவர், அடிக்கடி வராதவர், வீட்டில் பெரியவர் துணை இல்லாதவர் என்ற மூன்றில் எந்தப் பிள்ளைக்கு இரண்டு பொருந்துகிறதோ அந்தப் பிள்ளை முதலில். அந்தப் பட்டியல் தலைமையாசிரியையின் அலமாரியில் இருக்கட்டும். குழுக் கூட்டத்தில் பெயர் வாசிக்கக் கூடாது, சுவரில் ஒட்டக் கூடாது, படம் எடுத்து வாட்ஸாப்பில் கொடுத்தவர்களுக்கு அனுப்பக் கூடாது. அதைத் தீர்மானமாகவே எழுதிவையுங்கள்.

பணத்தின் பெரும்பகுதியை மனிதருக்கே கொடுங்கள். ஊரில் பன்னிரண்டாம் வகுப்போ பட்டமோ படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்கள் இருப்பார்கள். இருவரைத் தேர்ந்து, தலைமையாசிரியை சொல்கிறபடி, நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம், ஐந்தாறு பிள்ளைகள் கொண்ட சிறு குழுக்களுக்கு வாசிப்பும் கணக்கும் மட்டும் சொல்லித்தரச் செய்யுங்கள். ஒருவருக்கு மாதம் 6,000 ரூபாய் என்றால் பத்து மாதத்திற்கு இருவருக்கும் 1,20,000 ரூபாய் ஆகிறது. எந்த நேரத்தில் என்பது மிக முக்கியம். மாலை வகுப்பு என்று வைத்தால் இலை வெட்டும் பிள்ளை வராது. எந்தப் பிள்ளைக்காகத் தொடங்கினோமோ அந்தப் பிள்ளையே விடுபட்டுப்போகும். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் வந்தபின் பிள்ளைகள் நேரத்தோடு வருகிறார்கள். சாப்பிட்டு முடித்து முதல் மணி அடிப்பதற்கு முன் கிடைக்கும் அரைமணி தங்கமான நேரம். மீதியைப் பள்ளி நேரத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.

காமராசர் காலத்துப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்மக்கள் மேசையும் நாற்காலியும் மணியும் கடிகாரமும் வரிசையாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். மதிய உணவை 1956-இல் அவர் தொடங்கிவைத்த எட்டயபுரமும் அன்று நம் திருநெல்வேலி மாவட்டத்து ஊர்தான். அன்றைய பள்ளிக்கு இல்லாதிருந்தது மேசை. இன்றைய உங்கள் பள்ளிக்கு இல்லாதிருப்பது, பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து அது வாசிப்பதைக் கேட்க ஓர் ஆள். நன்கொடையாளரிடம் இப்படிச் சொன்னால் அவர்களுக்கு விளங்கும்.

மறுமொழி 2: பாளையங்கோட்டைப் பெண், இப்போது இங்கிலாந்தில்

வணக்கம் அண்ணாச்சி. இங்கே ஒரு தொடக்கப்பள்ளியில் வகுப்பு உதவியாளராக வேலை பார்க்கிறேன். நீங்கள் கேட்ட கேள்வியை இந்நாட்டுப் பள்ளிகள் ஒவ்வோர் ஆண்டும் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று விதியே இருக்கிறது. 2011 முதல், வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கென்று 'ப்யூப்பில் ப்ரீமியம்' என்ற கூடுதல் நிதியை இங்கிலாந்து அரசு பள்ளிகளுக்குத் தருகிறது. கடந்த ஆறு ஆண்டுகளில் ஒருமுறையாவது இலவச உணவுக்குத் தகுதி பெற்ற பிள்ளை கணக்கில் சேரும். 2025–26-இல் தொடக்கப்பள்ளிப் பிள்ளை ஒன்றுக்கு 1,515 பவுண்டு.

தொகையைவிட, அதோடு கட்டப்பட்டிருக்கும் இரண்டு ஏற்பாடுகள் உங்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன். பிள்ளையின் பெயரால் பணம் வந்தாலும் அது பிள்ளையின் தனிக் கணக்கு அன்று; பட்டியலில் இல்லாவிட்டாலும் உண்மையில் தேவையுள்ள பிள்ளைக்கும் பள்ளி அதைச் செலவிடலாம். டீச்சர் சொன்ன 'மூன்றில் இரண்டு' முறையில் விடுபடும் பிள்ளைக்கும் அதனால் ஒரு வழி இருக்கும். மற்றொன்று, பள்ளி என்ன சிக்கலைக் கண்டது, அதற்கு என்ன செய்யப்போகிறது, சென்ற ஆண்டு செய்ததில் எது பலித்தது என்பதையெல்லாம் எழுதி ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31-க்குள் இணையத்தில் வெளியிட வேண்டும். பிள்ளைகளின் பெயர் அதில் இருக்காது.

என் வேலையைப் பற்றியே ஒன்று சொல்ல வேண்டும். வகுப்பில் உதவியாளரைப் பின்தங்கிய பிள்ளையின் பக்கத்தில் நாள் முழுவதும் உட்காரவைத்தால் அந்தப் பிள்ளை முன்னேறும் என்றுதான் யாருக்கும் தோன்றும். 2009-இல் வெளியான லண்டன் கல்வி நிறுவன ஆய்வில் அதற்கு நேர்மாறாகத் தெரிந்தது. உதவியாளரின் துணை மிகுதியாகப் பெற்ற பிள்ளைகள், அவர்களைப் போன்ற பிறரைவிடக் குறைவாகவே முன்னேறியிருந்தார்கள். உதவியாளர் பக்கத்தில் இருப்பதால் ஆசிரியரின் கவனம் அந்தப் பிள்ளையைவிட்டு விலகியதும், உதவியாளருக்குப் போதிய பயிற்சியும் பாடத்தைப் பற்றிய முன்தகவலும் இல்லாததும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. அதே உதவியாளர் பயிற்சி பெற்று, திட்டமிட்ட பாடத்தைச் சிறு குழுவுக்குக் குறித்த நேரம் நடத்தும்போது நல்ல பலன் கிடைக்கிறது. ஆகவே நீங்கள் அமர்த்தும் இரு பெண்களும் ஆசிரியருக்கு மாற்றாக ஆகிவிடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். கடைநிலையில் இருக்கும் பிள்ளைகளை வாரத்தில் சில நாள்களாவது தலைமையாசிரியையே எடுத்துக்கொண்டு, அந்த நேரத்தில் நன்றாக வாசிக்கும் பிள்ளைகளை அந்தப் பெண்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

மறுமொழி 3: மேலப்பாளையம், முன்னாள் தன்னார்வலர்

நான் 'இல்லம் தேடிக் கல்வி'யில் தன்னார்வலராக இருந்தவள். 2021 அக்டோபரில் திட்டம் தொடங்கியபோது மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு மாலையில் சொல்லிக்கொடுத்தேன். பயிற்சி பெற்ற ஆசிரியர் அல்லாதவர்கள் சொல்லிக்கொடுத்து என்ன ஆகப்போகிறது என்று அப்போது பலர் கேட்டார்கள். கொரோனாவால் மூடிய பள்ளிகள் மீண்டும் திறந்தபின் தமிழ்நாட்டுக் கிராமப் பிள்ளைகள் இழந்த கற்றலை எவ்வளவு மீட்டார்கள் என்று அபிஜீத் சிங், மொரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் ஆராய்ந்தபோது, அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு இத்திட்டத்தால் வந்தது என்று கணக்கிட்டார்கள். ஆகவே அந்தப் பெண்களின் மேல் நம்பிக்கை வையுங்கள்.

ஆனால் மாலை வேளை பற்றி அம்பை டீச்சரிடம் எனக்குச் சிறு மாறுபாடு உண்டு. எங்கள் பகுதியிலும் பீடி வீடுகள்தாம். பள்ளிக்கூடத்தில் வைக்காமல், பீடி சுற்றும் அம்மாக்கள் கூடி உட்காரும் திண்ணைக்குப் பக்கத்திலேயே வகுப்பு வைத்தபோது பிள்ளைகள் வந்தார்கள். தாய் தட்டை மடியில் வைத்துக்கொண்டு இலையைச் சுருட்டியபடியே பிள்ளை வாசிப்பதைக் கேட்பாள். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாய், மகன் ஒரு சொல்லைத் தாண்டிப் போனதைக் கண்டுபிடித்து, "அங்க ஒண்ண விட்டுட்டியே, திரும்பப் படி" என்று சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். கதையைப் பலமுறை கேட்டு அவளுக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. வாரத்தில் ஒரு நாளாவது பள்ளியைத் தெருவுக்குக் கொண்டுபோங்கள். அதற்குச் செலவு ஒரு பாயும் கதைப் புத்தகங்களும்தான்.

பீடித் தொழிலாளர் அடையாள அட்டை உள்ள வீடுகளின் பிள்ளைகளுக்கு ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரை ஆண்டுக்கு 1,000 ரூபாய், அதற்குமேல் கூடுதலாக, மத்தியத் தொழிலாளர் நலத்துறை கல்வி உதவித்தொகை தருகிறது. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அட்டை இல்லாமலும், வங்கிக் கணக்கில் பெயர் பொருந்தாமலும் பல வீடுகளுக்கு அது போய்ச் சேருவதில்லை. உங்கள் நிதியில் சிறிது ஒதுக்கி, விண்ணப்பங்களைச் சரிபார்த்துப் பதிவேற்றித் தர ஒருவரை ஏற்பாடு செய்தால், போட்ட பணத்தைவிட வீடுகளுக்கு வருவது அதிகமாக இருக்கும்.

மறுமொழி 4: திசையன்விளை ஆசிரியர்

வருகை பற்றிய பேச்சில் ஒன்றைச் சேர்க்கிறேன். எங்கள் பக்கம் பதநீர்ப் பருவத்தில் பனையேறிக் குடும்பங்கள் பனைவிளைக்குப் போய் விடிலி (ஓலைக் குடிசை) போட்டுத் தங்கிவிடும். பிள்ளைகளும் கூடவே போகும். முன்பைவிட இப்போது குறைவுதான் என்றாலும் போகிற வீட்டுப் பிள்ளைக்கு ஆண்டின் கடைசிப் பாடங்கள் முழுவதும் போய்விடும். உங்கள் பக்கம் செங்கல் சூளைக்குப் போகும் குடும்பம் இருந்தால் இதே நிலைதான். அந்தக் குடும்பங்களுடன் முன்கூட்டியே பேசி, பிள்ளையைப் பாட்டி வீட்டில் விட்டுப்போக முடியுமா, ஆட்டோ வைத்து அழைத்துவர முடியுமா என்று பாருங்கள். இதற்கென்று ஒரு தொகை கையில் இருக்கட்டும். கண் பரிசோதனையையும் மறவாதீர்கள். வாசிக்காத பிள்ளைகளில் சிலருக்குக் கரும்பலகையே தெரிவதில்லை.

மறுமொழி 5: சங்கரன்கோவில், கணக்குத் தணிக்கைப் பணியில் இருந்தவர்

நல்ல யோசனைகள்தாம், ஆனால் எல்லாரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். பள்ளியில் 58 பிள்ளைகள் என்கிறீர்கள். 61 ஆகிவிட்டால் சட்டப்படி மூன்றாவது ஆசிரியரைக் கேட்க உரிமை வருகிறது. ஆசிரியர் பணியிட நிர்ணயம் ஆகஸ்ட் 1 நிலவரப்படி செய்யப்படுகிறது. தெருமுனையில் வேன் ஏறும் பிள்ளைகளில் மூன்று பேரை நம் பள்ளிக்கு அழைத்துவர முடிந்தால், அரசுச் சம்பளத்தில் முழுநேர ஆசிரியர் ஒருவரை நீங்கள் கேட்டுப் பெறலாம். உங்கள் 1,80,000 ரூபாயைவிட அது பல மடங்கு பெரியது. ஆகவே தாய்மார் கேட்கும் ஆங்கிலத்தை ஒதுக்கித் தள்ளாதீர்கள். அந்த இரு பெண்களில் ஒருவர் ஆங்கிலமும் சொல்லித்தரக் கூடியவராக இருந்தால் பெற்றோரின் மனம் மாறும்.

நோட்டு, பென்சில், பை என்று பொருளாக வாங்கிக் கொடுப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஆந்திரத்திலும் சாம்பியாவிலும் பள்ளி மானியங்களை ஆராய்ந்து ஜிஷ்ணு தாஸ், கார்த்திக் முரளிதரன் முதலியோர் 2013-இல் வெளியிட்ட கட்டுரையில் இது தெளிவாக இருக்கிறது. எதிர்பாராமல் மானியம் வந்த ஆண்டில் பிள்ளைகளின் மதிப்பெண் கூடியது. வரும் என்று பெற்றோர் அறிந்த ஆண்டில் அவர்கள் தம் செலவைக் குறைத்துக்கொண்டதால் கற்றலில் மாற்றம் இல்லை. அந்தக் குடும்பங்களுக்குக் கையில் மிஞ்சிய பணமும் நன்மைதான். ஆனால் உங்கள் நன்கொடையாளர் கேட்டது படிப்பு. குடும்பம் தானே வாங்க முடியாததை, அதாவது சொல்லித்தரும் நேரத்தை, வாங்குங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2024–25-இல் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு விடுவிக்கவில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் மின்கட்டணத்துக்கும் குழாய்ப் பழுதுக்கும் இந்தப் பணத்தை எடுக்கச் சொல்லி நெருக்கடி வரும். ஒருமுறை எடுத்தால் பிறகு அதுவே வழக்கமாகிவிடும். தீர்மானத்தில் வரம்பைத் தெளிவாக எழுதி, வட்டாரக் கல்வி அலுவலருக்குத் தெரிவித்து, வெளியாள் பள்ளி நேரத்தில் சொல்லித்தர எழுத்துமூலம் அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள். பணம் குழுவின் வங்கிக் கணக்கு வழியாகவே போகட்டும். யார் கையிலும் ரொக்கமாக இருக்க வேண்டாம்.

கேள்வி கேட்டவர்

எல்லாருக்கும் நன்றி. அம்பை அம்மா சொன்னபடி இரு பெண்களுக்கு 1,20,000, கதைப் புத்தகங்களுக்கு 15,000, கண் பரிசோதனை, போக்குவரத்து, விண்ணப்பச் செலவு ஆகியவற்றுக்கு 25,000, எதிர்பாராத தேவைக்கு 20,000 என்று வரைவு எழுதித் தலைமையாசிரியையிடம் கொடுத்திருக்கிறேன். புதன்கிழமை மாலை வகுப்பைத் தெருவில் வைப்பதற்கு அவரும் இசைந்தார். மூன்று பிள்ளைகளைச் சேர்ப்பது பற்றி இதுவரை நாங்கள் யாருமே நினைக்கவில்லை; வேன் ஏறும் வீடுகளுக்குத் தாய்மார்களே போய்ப் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு சந்தேகம் மட்டும் இருக்கிறது. நன்கொடையாளர்கள் ஆறு மாதத்தில் பலன் கேட்பார்கள். என்ன காட்டுவது?

மறுமொழி: அம்பை, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை

மதிப்பெண் காட்டாதீர்கள், தம்பி. தொடக்கத்தில் எழுத்து நிலையில் இருந்தவர் எத்தனை பேர், சொல் நிலையில் எத்தனை பேர், பத்தி வாசித்தவர் எத்தனை பேர் என்று எடுத்த அதே கணக்கை, அதே ஆள், அதே முறையில் காலாண்டு விடுமுறைக்கு முன்னும் அரையாண்டுக்குப் பின்னும் எடுக்கட்டும். பெயர் இல்லாமல் எண்ணிக்கையை மட்டும் அனுப்புங்கள். வாசிக்கும் பத்தி மட்டும் ஒவ்வொரு முறையும் புதியதாக இருக்க வேண்டும். பழைய பத்தியைப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்லிவிடுவார்கள். நகராத பிள்ளைகள் இருந்தால் அந்த எண்ணிக்கையையும் மறைக்காமல் எழுதுங்கள். இரண்டாம் ஆண்டுப் பணத்தை யாருக்கு முதலில் செலவிடுவது என்பதை அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் நீங்கள் முடிவு செய்ய வேண்டியிருக்கும்.